சீர்த்தட்டில் ஒரு பவர் சப்ளை

காஜா பெராங், மலாக்கா
12 ஜனவரி 1958

அன்புள்ள அண்ணனுக்குக் கமலவேணி எழுதுவது.

தீபாவளியன்று என் வீட்டு வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு விடுவிடுவென்று போனவர், ஊர் போய்ச் சேர்ந்தேன் என்று ஒரு வரிகூடப் போடவில்லை. இலையில் வைத்த சோற்றைத் தொடாமல் எழுந்துபோனீர்கள். அதற்கப்புறம் மாதம் எத்தனை ஆகிறது? நீங்கள் எழுதமாட்டீர்கள் என்று தெரிந்துதான் நானே பேனாவை எடுத்தேன். அண்ணனுக்கு ரோஷம் உண்டு, தங்கைக்கு மட்டும் கிடையாது போலிருக்கிறது.

விஷயத்துக்கு வருகிறேன். கோகிலாவுக்கு நாலு பல் வந்துவிட்டது, சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறாள். காது குத்த பிப்ரவரி 23, ஞாயிற்றுக்கிழமை என்று நாள் பார்த்தாயிற்று. பிள்ளையைத் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்த வேண்டும். இந்த வீட்டிலும் அதே வழக்கம்தான். இவர்கள் தலைமுறை தலைமுறையாக மலாக்காவிலேயே இருக்கிற செட்டிகள், பேசுவது மலாய். ஆனால் சீர், மாமன், மடி என்று வந்துவிட்டால் நம்மைவிடக் கறாராகப் பார்ப்பார்கள். என் நாத்தனார் பூங்காவனம் நேற்றுக் காய் நறுக்கிக்கொண்டே, உன் அண்ணன் வரவில்லையென்றால் பின்வீட்டு மீனாட்சிசுந்தரத்தை மாமனாக உட்கார வைத்துவிடலாம், நல்ல மனிதன்தான் என்றார். நல்ல மனிதன்தான், யார் இல்லை என்றார்கள்? கூடப்பிறந்த அண்ணன் குளுவாங்கில் குத்துக்கல்லாட்டம் இருக்கும்போது என் பிள்ளை ஊரான் மடியில் உட்கார வேண்டுமா? எனக்கு வயிறு எரிகிறது அண்ணே.

இன்னொன்று. அத்தனை சண்டைக்கும் காரணமான உங்கள் மாப்பிள்ளையின் ஹை-ஃபை செட் இன்னும் உறுமிக்கொண்டுதான் இருக்கிறது. இசைத்தட்டு ஊசியிலிருந்து வரும் மெல்லிய ஒலியை முதலில் தூக்கிக் கொடுப்பதற்கென்று பத்திரிகையைப் பார்த்து அவரே ஒரு சின்னப் பெட்டி செய்தாரே, பிரீ-ஆம்ப் என்று, அதுதான். நாதஸ்வரத் தட்டைப் போட்டால், தட்டில் இருக்கும் ஒத்து போதாதென்று இதுவும் கூடவே ஒத்து ஊதுகிறது. காது குத்தன்று பாட்டுப் போட வேண்டும் என்று ஆசைப்படுகிறார். உங்களிடம் கேட்கச் சொல்லி அவர் சொல்லவில்லை. நானாகத்தான் கேட்கிறேன்.

அண்ணியையும் பிள்ளைகளையும் கேட்டதாகச் சொல்லுங்கள்.

கமலவேணி

குளுவாங்
20 ஜனவரி 1958

தங்கச்சி கமலவேணிக்கு,

கடிதம் கிடைத்தது. செருப்பைப் பற்றி எழுதியிருந்தாய். வெறுங்காலோடு போயிருந்தால் உனக்குத் திருப்தியாக இருந்திருக்குமோ?

நான் அன்றைக்கு என்ன சொல்லிவிட்டேன்? அந்தப் பிரீ-ஆம்புக்குச் சொந்தமாகப் பவர் சப்ளை இல்லை. பெரிய ஆம்ப்ளிஃபையரிடம் கரண்டை இரவல் வாங்கிப் பிழைக்கிறது. அது தனக்கே திணறும்போது இதற்கும் கொடுத்தால் உறுமாமல் என்ன செய்யும்? இதைத்தான் சொன்னேன். அதற்கு மாப்பிள்ளை கருணாகரன், பத்துப் பேர் இருக்கிற கூடத்தில், 'அபாங், என் செட்டில் கை வைக்காதீர்கள்' என்று மலாயில் சொன்னார். அண்ணன் என்று மரியாதை வேறு! அத்தனை பேரும் சிரித்தார்கள். வயர்லெஸ் பட்டறையில் சம்பளம் வாங்கிக் குடும்பம் நடத்துகிறவனைப் பார்த்துச் சொல்கிற பேச்சா அது? நீ நடுவில் நின்றுகொண்டு, 'அவரே பார்த்துக்கிறாராம் அண்ணே, நீங்க சிரமப்பட வேணாமாம்' என்று தமிழில் தேன் தடவினாய். எனக்கு மலாய் தெரியாது என்று நினைத்தாயா?

காது குத்துக்கு நான் வரமாட்டேன். மீனாட்சிசுந்தரத்தையே உட்கார வைத்துக்கொள்ளுங்கள். அகலமான ஆள், பிள்ளை நழுவி விழாது.

பாட்டுப்பெட்டி சமாசாரம் வேறு. இங்கே பட்டாளத்தார் ஏலம் போட்டதில் ஒரு பவர் சப்ளை என் கைக்கு வந்தது. பழைய சரக்குதான். பச்சைப் பெயின்ட் உரிந்திருக்கிறது, மேல் தகட்டில் ஒரு நசுங்கல். ஆனால் டிரான்ஸ்பார்மர் அருமையானது, இந்தக் காலத்தில் அப்படிச் சுற்றுகிறவன் கிடையாது. வோல்ட்டேஜ் கூடுதலாக வந்தது, ரெசிஸ்டர் போட்டுக் குறைத்திருக்கிறேன். பெரிய ஆம்ப்ளிஃபையரிலிருந்து பிரீ-ஆம்புக்கு வரும் கரண்டுக் கம்பியை வெட்டிவிட்டு இதை அந்த இடத்தில் சேர்க்க வேண்டும். இசைத்தட்டுச் சுழலும் பெட்டியிலிருந்து தள்ளி வைக்கச் சொல், பக்கத்தில் வைத்தால் அதுவும் உறுமும். ஸ்விட்சை அணைத்த பிறகும் கண்டென்சரில் கரண்டு தங்கி நிற்கும், பிள்ளையைக் கிட்டே விடாதே. நம் லோரிக்கார நடராஜன் மலாக்கா வருகிறபோது கொடுத்தனுப்புகிறேன்.

ஒன்று தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். இது மாப்பிள்ளைக்காகவும் இல்லை, காது குத்துக்காகவும் இல்லை. ஒரு நல்ல ஆம்ப்ளிஃபையர் கஷ்டப்படுவதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

கணேசமூர்த்தி

காஜா பெராங்
3 பிப்ரவரி 1958

அன்புள்ள அண்ணனுக்கு,

உட்கார்ந்துகொண்டு படியுங்கள். நின்றுகொண்டு படிக்கிற கடிதம் இல்லை இது.

சனிக்கிழமை நான் பிள்ளைக்குத் துணி எடுக்க ஜாலான் பெண்டஹாராக் கடைத்தெருவுக்குப் போயிருந்தேன். அந்த நேரம் பார்த்து நடராஜன் அண்ணன் உங்கள் பெட்டியோடு எங்கள் கம்பத்து ஊர்முனையில் இறங்கியிருக்கிறார். அந்தப் பெட்டியை அண்ணி எப்படிக் கட்டிக் கொடுத்தார்கள் என்று உங்களுக்குத் தெரியுமா? பெண்ணைக் கட்டிக் கொடுத்த வீட்டுக்கு எதையும் வெறுமனே அனுப்பக் கூடாது என்று, சிவப்புத் துணியில் சுற்றி, மேலே வெற்றிலை பாக்கு, மஞ்சள் கிழங்கு, ஒரு சீப்பு வாழைப்பழம், எனக்கு அரை டஜன் வளையல். பெட்டிக்குள்ளேயே ஓரத்தில் ஒரு முழுத் தேங்காய்.

சிவப்புத் துணியையும் வெற்றிலையையும் பார்த்த நாத்தனார் வேறென்ன நினைப்பார்? மாமன் சீர் வந்துவிட்டது என்று முடிவு கட்டிவிட்டார். நடராஜன் அண்ணனை முனையிலேயே நிற்க வைத்து, மேளம் அடிக்கிற இரண்டு பேரைக் கூப்பிட்டு, பெட்டியைத் தாம்பாளத்தில் தூக்கி வைத்துக் குடை பிடித்து ஊர்வலமாகக் கொண்டுவந்திருக்கிறார்கள். மாரியம்மன் கோயில் வாசலில் நிறுத்திக் கற்பூரமும் காட்டினார்களாம். நான் வீட்டுக்கு வரும்போது கூடம் நிறையப் பெண்கள். குத்துவிளக்குக்கு முன்னால் தாம்பாளம், அதில் உங்கள் பட்டாளத்துப் பெட்டி, நாலு மூலையிலும் சந்தனம், குங்குமம். 

எல்லாரும் அதைச் சுற்றி நின்று யோசிக்கிறார்கள். பிள்ளையின் நகை வைக்கிற இரும்புப் பெட்டகம் என்றாள் ஒருத்தி. அப்படியென்றால் முன்பக்கக் கண்ணாடிக்குள் அந்த முள் எதற்கு, எடை பார்க்கவா என்றாள் இன்னொருத்தி. நாத்தனார் யாரையும் பேசவிடவில்லை. 'இது இங்கிலீஷ் சாமான், ரொம்ப உசத்தி' என்று அடித்துச் சொல்லிவிட்டார். நான் வாயைத் திறக்கவில்லை. திறந்தால், என் அண்ணன் சீர் அனுப்பவில்லை, வரவும் மாட்டார், இது ஏலத்தில் எடுத்த பழைய சாமான் என்றல்லவா சொல்ல வேண்டும்? அத்தனை பேர் முன்னால் எப்படிச் சொல்வேன்?

உங்கள் மாப்பிள்ளை வேலை முடிந்து வந்தார். பெட்டியைப் பார்த்ததும் அவர் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். உங்கள் கடிதத்தை நான் மலாயில் படித்துச் சொன்னேன், காது குத்துக்காக இல்லை என்ற வரியை விட்டுவிட்டு. தகட்டைத் திறந்து நீங்கள் ஈயம் வைத்த இடங்களையெல்லாம் தடவிப் பார்த்தார். 'கை சுத்தம்' என்றார். பிறகு, தேங்காய் உருண்டு அந்தப் பெரிய கண்ணாடி வால்வை உடைத்திருப்பதைக் காட்டினார். அது இல்லாமல் பெட்டி வேலை செய்யாதாம்.

இப்போது நிலைமை என்னவென்றால், சீர் வந்தபின் வேறு மாமன் கிடையாது. சீர் யாருடையதோ, மடியும் அவருடையதுதான். மீனாட்சிசுந்தரத்திடம் நாத்தனார் போய், நீ வர வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். நீங்கள் வரவில்லையென்றால் அன்றைக்குப் பிள்ளைக்குக் காது குத்த முடியாது. அது மட்டுமில்லை, சீருக்கு எதிர்ச்சீர் என்று நடராஜன் அண்ணனிடம் பலகாரமும் கொடுத்தனுப்பியிருக்கிறார்கள். இந்நேரம் அது உங்கள் வயிற்றில் இருக்கும்.

என்ன செய்யட்டும், சொல்லுங்கள்.

கமலவேணி

குளுவாங்
8 பிப்ரவரி 1958

தங்கச்சிக்கு,

வயிற்றில்தான் இருக்கிறது. அந்தப் பச்சை நிறப் பலகாரம் முழுவதையும் நான்தான் தின்றேன். நடராஜன் ஒரு வார்த்தை சொல்லவில்லை, 'உங்க தங்கச்சி வீட்டுல கொடுத்தாங்க' என்பதோடு சரி. உன் அண்ணி சந்திரமதியைக் கூப்பிட்டு, வால்வு இருக்கிற பெட்டிக்குள் யாராவது தேங்காயைப் போடுவார்களா என்று கேட்டேன். 'அப்போ தங்கச்சி வீட்டுக்கு மொட்டையா இரும்பை அனுப்பச் சொல்றீங்களா?' என்று அவள் என்னைக் கேட்கிறாள். அவளிடம் பேசி ஜெயிக்க முடியாது.

ஆனால் கமலா, எனக்கு மானம் போகிறது. என் தங்கச்சி பிள்ளைக்கு நான் செய்த முதல் சீர் பட்டாளத்தான் தூக்கிப் போட்ட பெட்டியா? அதற்கு மேளமா, குடையா, கற்பூரமா? அப்பா இருந்திருந்தால் என்னை வாசற்படி ஏற விடமாட்டார். சீர் என்று செய்திருந்தால் புதுசாகச் செய்திருப்பேன், ஊர் கண் வைக்கிற மாதிரிச் செய்திருப்பேன். அந்தப் பெட்டி பழசு, அது சீர் இல்லை என்று நீயே உன் நாத்தனாரிடம் சொல்லிவிடு. எனக்கு அந்தப் பெருமை வேண்டாம்.

எழுத வந்துவிட்டேன், மிச்சத்தையும் சொல்லிவிடுகிறேன். செட்டில் கை வைக்காதே என்று சொன்னது வலித்தது, நிஜம்தான். ஆனால் அன்று கூடத்தில் எல்லாரும் மலாயில் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள், நீயும் அவர்களோடு அவர்களாகச் சிரித்தாய். ஓரமாக உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த எனக்கு, இது இனி என் வீடு இல்லை, நான் இங்கே விருந்தாளி என்று பட்டது. உன் பிள்ளையும் நாளைக்கு என்னை, யாரோ குளுவாங்காரன் என்றுதானே பார்க்கும்? அதுதான் சோறு இறங்கவில்லை.

வால்வு வேறொன்று வைத்திருக்கிறேன். தபாலில் போட்டால் தூளாகத்தான் வந்து சேரும். நடராஜனை இனி நம்பமாட்டேன். யாராவது சட்டைப்பையில் வைத்துக் கொண்டுவந்தால்தான் உண்டு. வருகிறேன் என்று நான் சொல்லவில்லை.

கணேசமூர்த்தி

காஜா பெராங்
14 பிப்ரவரி 1958

அண்ணே,

கடிதத்தைப் படித்துவிட்டு அடுக்களையில் உட்கார்ந்து அழுதேன். அழுது முடித்ததும் கோபம் வந்தது. கோபத்தோடுதான் எழுதுகிறேன்.

நான் அவர்களோடு சிரிக்காமல் வேறென்ன செய்வது? தினமும் அவர்களோடுதான் சாப்பிடுகிறேன், தூங்குகிறேன். கல்யாணமாகி வந்த புதிதில் நானும் உங்களைப் போல ஓரத்தில்தான் உட்கார்ந்திருந்தேன், உங்களுக்குப் புரிந்த அளவுகூட எனக்குப் புரியவில்லை. அவர்கள் பேச்சைக் கற்றுக்கொண்டதால் உங்கள் தங்கை இல்லாமல் போய்விடுவேனா? பிள்ளை உங்களை யாரோ என்று பார்க்கும் என்கிறீர்கள். வராத மாமனை வேறு எப்படிப் பார்க்கும்? நீங்கள் வந்து உட்கார்ந்தால்தானே அதற்கு மாமன் என்று ஒருத்தர் இருப்பது தெரியும்? படித்தவர் உங்களுக்கு இதையும் நான் எழுத வேண்டியிருக்கிறது.

நீங்கள் சொன்னபடி நாத்தனாரிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். அது சீர் இல்லை, பழைய சாமான், அண்ணன் கோபத்தில் இருக்கிறார், எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். சொல்லிவிட்டு, திட்டு விழும் என்று தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். அவர் தன் கழுத்துச் சங்கிலியைத் தூக்கிக் காட்டினார். அது அவர் அம்மா போட்டது, அதற்கு முன்னால் அம்மாவின் அத்தை போட்டது. இந்தக் கம்பத்தில் பாதிப் பெண்கள் கல்யாணத்துக்குக் கட்டுகிற துணிகூட அப்படி வந்ததுதானாம். 'புதுசு கடைக்காரன் வெச்சிருந்தது. பழசு உன் அண்ணன் வெச்சிருந்தது. எது பெருசு?' என்று மலாயில் கேட்டார். அதோடு, கோபக்காரனா இருந்தால் நல்லது, பிள்ளையை இறுக்கிப் பிடிப்பான் என்றும் சொன்னார்.

உங்கள் மாப்பிள்ளை பிரீ-ஆம்பைக் கழற்றி, பழைய கம்பியை வெட்டி, எல்லாவற்றையும் தயாராக வைத்திருக்கிறார். நானே கேட்டேன், வால்வை இங்கே கடையில் வாங்கிப் போட்டுக்கொண்டால் என்ன என்று. வேண்டாம், அபாங் வந்து போடட்டும் என்றார். இதில் தேன் தடவவில்லை, அவர் சொன்னதை அப்படியே எழுதியிருக்கிறேன்.

23ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை. வாருங்கள். இனி ஒரு கடிதம் எழுதமாட்டேன்.

கமலவேணி

குளுவாங்
27 பிப்ரவரி 1958

அன்புள்ள தங்கச்சிக்கு,

சுகமாக வந்து சேர்ந்தோம். மூவாரில் படகுக்குக் காத்திருந்ததில் பிள்ளைகள் தூங்கிவிட்டார்கள், மற்றபடி ஒரு தொந்தரவும் இல்லை. உன் அண்ணி வந்ததிலிருந்து உன் நாத்தனார் புராணம்தான். அவருக்குத் தமிழ் வராது, இவளுக்கு மலாய் வராது, நாள் பூராவும் இரண்டு பேரும் என்னதான் பேசினார்களோ.

கோகிலாவின் காது எப்படி இருக்கிறது? மஞ்சளும் எண்ணெயும் போடுகிறாயா? நான் கொண்டுவந்த தோடு கனம் என்று பத்தர் சொன்னதை மனதில் வைத்துக்கொள். புண் ஆறுகிறவரை அந்த மெல்லிய கம்பியே இருக்கட்டும். அவள் கடித்த கட்டைவிரலில் நாலு பல்லும் பதிந்து இன்னும் தெரிகிறது, பட்டறையில் எல்லாரிடமும் காட்டினேன். பிள்ளை வீறிட்டதும் என் கண்ணிலும் தண்ணீர் வந்துவிட்டது. கற்பூரப் புகை என்று சொன்னேனே, அது பொய். உன் நாத்தனாருக்கு அது தெரியும், என்னைப் பார்த்துச் சிரித்தார்.

நீங்கள் எல்லாம் அடுக்களையில் இருந்தபோது கூடத்தில் நடந்தது உனக்குத் தெரியாது. மாப்பிள்ளை சொல்லியிருக்கமாட்டார், நான் சொல்கிறேன். வால்வைச் செருகி, பவர் சப்ளையைப் பிரீ-ஆம்போடு சேர்த்து, ஸ்விட்சைப் போட்டேன். இத்தனை பேச்சுப் பேசிவிட்டோமே என்று பயம்தான். உறுமல் அப்படியே இருந்தது, ஒரு துளி குறையவில்லை. பெட்டியைத் தள்ளி வைத்தேன், திருப்பி வைத்தேன். சோக் என்கிற கம்பிச்சுருள் கெட்டிருக்கும், பட்டாளத்தான் ஏமாற்றிவிட்டான் என்று என்னென்னவோ சொன்னேன். மாப்பிள்ளை குனிந்து கம்பிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு என்னிடம் தமிழில், 'மச்சான், பூமி ரெண்டு' என்றார்.

அவர் சொன்னது சரி. பூமிக் கம்பியை ஒரே இடத்தில்தான் சேர்க்க வேண்டும். பெரிய ஆம்ப்ளிஃபையரில் ஏற்கெனவே ஒன்று இருக்க, நான் அவசரத்தில் பவர் சப்ளையிலும் ஒன்றைச் சேர்த்திருந்தேன். புதுப் பையன்கள் செய்தால் நான் தலையில் குட்டுகிற தவறு. அவர் ஒன்றைக் கழற்றினார். உறுமல் போயே போய்விட்டது. ஒலிபெருக்கியில் காதை வைத்துக் கேட்டோம், ஒன்றுமே இல்லை. உள்ளேயிருந்து உன் நாத்தனார், கெட்டுப்போய்விட்டதா என்று கேட்டார். இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம்.

அப்போதுதான் மாப்பிள்ளை சொன்னார், பாதி மலாய், பாதித் தமிழ். தீபாவளியன்று உங்களைக் கை வைக்காதீர்கள் என்றேன், அது தப்பு, பத்துப் பேர் முன்னால் சொன்னது அதைவிடத் தப்பு என்றார். நானும் பத்துப் பேர் முன்னால்தானே உங்கள் செட்டை இரவல் என்றேன் என்று சொன்னேன்.  நாதஸ்வரத் தட்டை எடுத்து வைத்தார். நீங்கள் எல்லாரும் வெளியே ஓடிவந்தது அப்போதுதான்.

மாப்பிள்ளைக்குத் தனியாக ஒரு கடிதம் எழுத நினைக்கிறேன். மலாயில் எழுத வராது. தமிழில் எழுதினால் நீதான் படித்துச் சொல்ல வேண்டும், ஒரு வரியும் விடாமல்.

உன் அண்ணன்
கணேசமூர்த்தி

காஜா பெராங்
9 மார்ச் 1958

அன்புள்ள அண்ணனுக்கு,

காது நன்றாக ஆறிவிட்டது. இப்போது அவளே கையால் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொள்கிறாள், யார் வந்தாலும் தலையைச் சாய்த்துக் காட்டுகிறாள். பெருமை தாங்கவில்லை.

உங்கள் மாப்பிள்ளையைப் பற்றி என்ன சொல்வது? ஞாயிற்றுக்கிழமையானால் கம்பத்துக்காரர்களைக் கூப்பிட்டு உட்கார வைத்து, பாட்டுப் போடுவதற்கு முன்னால், முதலில் ஒன்றும் கேட்கவில்லை பாருங்கள், அதைக் கேளுங்கள் என்கிறார். அவர்களும் பாவம், ஒன்றும் கேட்காததைக் காது கொடுத்துக் கேட்கிறார்கள். மீனாட்சிசுந்தரம் போன வாரம் அதைக் கேட்டுக்கொண்டே தூங்கிவிட்டார். உங்களுக்கு எழுதுவதற்கென்று என்னிடம் தமிழ் எழுத்துப் படிக்கிறார். 'மச்சான்' என்று எழுத வந்துவிட்டது. அதற்கு மேல் இன்னும் போகவில்லை.

இதையும் கேளுங்கள். இதை எழுதும்போது அவர் கூடத்தில் தட்டுகளைத் துடைத்துக்கொண்டிருக்கிறார். அவருக்கு ஒன்றும் தெரியாது. நாத்தனாருக்கும் சொல்லவில்லை, தாங்கமாட்டார், மேளக்காரரைக் கூப்பிட்டுவிடுவார். நேற்றுத்தான் டாக்டரம்மா உறுதியாகச் சொன்னார். ஐப்பசியில் பிறக்கும் என்று கணக்குச் சொல்கிறார். இந்தக் கடிதத்தைத் தபாலில் போட்டுவிட்டு வந்துதான் அவரிடம் சொல்லப்போகிறேன். முதலில் என் அண்ணனுக்குத்தான் தெரிய வேண்டும் என்று தோன்றியது.

மடியைக் காலியாக வைத்திருங்கள் அண்ணே.

கமலவேணி